டாக்டர் சொன்ன பத்து நாள்

கல்கத்தா லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மாடியில் மஹாதேவன் மாமா குடும்பம், கீழே நானும் என் மனைவி சுலோசனாவும். மாமாவுக்குக் கஸ்டம்ஸ் ஆபீஸில் வேலை. மதராஸிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகியும் வங்காள பாஷையில் 'எவ்வளவு', 'வேண்டாம்' இரண்டைத் தவிர அவருக்கு வேறொன்றும் வராது. நான் பவானிபூரில் பிறந்து அங்கேயே படித்தவன். எனக்குக் கனவுகூடப் பாதி வங்காளத்தில்தான் வரும். இந்த ஒரு தகுதிக்காக, காமு மாமியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் மாமா என்னையும் கூட்டிக்கொள்வார். அங்கிருந்த டாக்டர் இங்கிலீஷில் ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் வங்காளத்துக்குத் தாவிவிடுவார்.

மாமாவின் பெண் விஜயா காலேஜில் படித்தாள். என்னைவிட நன்றாக வங்காளம் பேசுவாள். ஆனால் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று மாமா அவளை ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க விடவில்லை. விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

மாமிக்கு மதராஸில் இருக்கும்போதே கழுத்தில் ஒரு கட்டி வந்து அறுத்து எடுத்திருந்தார்கள். எல்லாம் எடுத்தாயிற்று, பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்களாம். எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில் இடது இடுப்பு வலிக்கிறது என்றாள். மாடிப்படி ஏறி இறங்குவதால் இருக்கும் என்று மாமா விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். ஒரு மாதம் தடவினாள். ஒரு நாள் காலையில் முற்றத்துக் கைபம்பில் தண்ணீர் அடித்து வாளியைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்கவில்லை. நானும் வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கி டாக்ஸியில் ஏற்றினோம்.

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு அரித்துப் போயிருந்தது. கழுத்தில் இருந்த புற்றுநோய் ரத்தத்தோடு போய் அங்கே தங்கிவிட்டது என்றார் டாக்டர். "தைராய்டு செல் எங்கே போனாலும் அயோடினைக் கண்டால் உறிஞ்சும். கதிர் வீசும் அயோடினைக் குடிக்கக் கொடுத்தால் அதையும் உறிஞ்சும். அதனாலேயே சாகும்" என்று மேஜைமேல் படம் போட்டுக் காட்டினார். மருந்துக்கு முன்னால் கடல் மீன் மட்டும் சாப்பிடக் கூடாது என்றார். நான் தமிழில் சொன்னதும் மாமி என்னைப் பார்த்தாள்.

"ரொம்பக் கஷ்டமான பத்தியமாச்சே, சௌந்தரம். எப்படி இருக்கப் போறேனோ" என்றாள். அன்றைக்கு எங்களால் சிரிக்க முடிந்தது.

பத்தியம் அதுவல்ல. அவள் தினமும் சாப்பிட்டுவந்த தைராய்டு மாத்திரையை ஆறு வாரம் நிறுத்தச் சொன்னார்கள். வைகாசி மாதம், கல்கத்தாவின் புழுக்கத்தில் நாங்கள் எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டிருக்க, மாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். முகம் ஊதிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தை வருவதற்குள் ஈயம் பூசுகிறவன் தெருவைத் தாண்டிப் போயிருப்பான். அந்த நிலையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, சுலோசனாவுக்கு மிளகு ரசம் வைத்து விஜயாவிடம் கீழே கொடுத்தனுப்பினாள். சுலோசனா அப்போது மூன்று மாதம். போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோயிருந்தது. சுலோசனாவுக்குத் தாயார் கிடையாது. கலைந்தபின் ஒரு மாதம் முழுக்க அவளுக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, தலை துவட்டி, பக்கத்திலேயே படுத்துக்கொண்டிருந்தவள் மாமிதான்.

மருந்து கொடுத்த அன்று நானும் மாமாவும் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றோம். ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் ஈயக் கூஜா மாதிரி ஒன்றை நீளமான இடுக்கியால் பிடித்துக்கொண்டு வந்தான். மாமி முன்னால் வைத்தான். குழாயை அவள் வாயில் வைக்கச் சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்து கதவைச் சாத்தினான். மாமி தனியாக உட்கார்ந்து, குழந்தை மாதிரி கன்னம் குழிய உறிஞ்சினாள். மாமாவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

"அவன் ஓடறான், பாத்தியா" என்றார். அவருக்கு அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் முழுசாக மனதில் ஏறவில்லை. அந்த ஆள் ஓடியதுதான் ஏறியது.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் முன் டாக்டர் அறையில், மாமி அந்தக் கோடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்னிடம் வங்காளத்தில் சொன்னார்: தனியாகப் படுக்க வேண்டும், தட்டு டம்ளர் தனி, துணி தனியாகத் தோய்க்க வேண்டும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கிட்டே போகக் கூடாது. பத்து நாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பதினோராம் நாளிலிருந்து எப்போதும்போல் இருக்கலாம் என்றார்.

மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "இவ்வளவுதானே. எங்காத்துல இது புதுசில்லையே" என்றார்.

அதுதான் வினை. டாக்டர் சொன்ன அத்தனையும் எங்கள் வீடுகளில் பெண்கள் மாதம் மூன்று நாள் இருக்கும் முறை. மாடியில் பின்பக்க வராந்தாவில் அதற்கென்றே ஒரு மூலை இருந்தது. பாய், தட்டு, சொம்பு, மேலே துணி போடத் தனிக் கொடி, எல்லாம் இருந்தன. எட்ட நின்று பேசவும், கையில் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டு நகரவும், அவள் எடுத்துக்கொள்வதற்காகக் காத்திருக்கவும் எல்லோருக்கும் பழக்கம். பக்கத்துப் போர்ஷனில் இருந்த வங்காளி வீட்டுக்கார அம்மாளைப்போல் ஒருத்திக்கு இந்த நோய் வந்திருந்தால் பத்து நாளைக்கு அமர்க்களப்பட்டு, பதினோராம் நாள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு ஒரு அமர்க்களமும் தேவைப்படவில்லை. ஒரு பெண்ணை ஒதுக்கி வைப்பதில் நாங்கள் தேர்ந்தவர்கள்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. நான் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க மேலே போயிருந்தேன். மாமி தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டோடு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே மாமா அரிவாள்மணையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாமி ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து சமையல் அவர்தான். மோசமில்லை, நன்றாகவே சமைப்பார்.

"ஏன்னா, நான் உள்ள வரலாமோல்லியோ?" என்றாள் மாமி.

மாமா தலை நிமிரவில்லை. "என்ன அவசரம் இப்போ. டாக்டர் மறுபடி பாத்துட்டுச் சொல்றேன்னார்."

"மறுபடின்னா?"

"ஆறு மாசம் கழிச்சு வரச்சொல்லியிருக்காரே, அப்போ."

"அதுவரைக்கும் வராந்தாவிலயா?"

"உனக்கு என்ன குறைச்சல் அங்க. காத்து வரது. வேளாவேளைக்கு நான் கொண்டுவந்து வெக்கறேன். உனக்குத்தான் முதல்ல போடறேன்."

அது நிஜம். முதலில் அவளுக்குத்தான் போடுவார். ரசத்தில் தெளிவு அவளுக்கு, தயிரில் ஏடு அவளுக்கு. வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று, சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார்.

மாமி என் பக்கம் திரும்பினாள். "சௌந்தரம், நீயும் இருந்தியே. டாக்டர் ரெண்டு கையையும் விரிச்சுப் பத்துன்னு காமிச்சார். நான் பாத்தேன். பத்து நாளைக்குத்தான்னு நினைச்சேன்."

மாமா கையில் புடலங்காய் அப்படியே நின்றது. எனக்கு யோசிக்க நேரம் இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது. கீழே சுலோசனா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது, அதைக் கேட்டுவிட்டுத்தான் பேசினேன்.

"அது மாத்திரைக்கு, மாமி. பத்து நாள் கழிச்சு மறுபடி மாத்திரை ஆரம்பிக்கணும்னு சொன்னார்."

"ஓ. மாத்திரைக்கா" என்றாள். "நான் எனக்காகக் கேக்கலை. சுலோசனாவுக்கு வளைகாப்பு வரதே, முதல் வளை நான் போடறேன்னு சொல்லியிருந்தேன். அதான். அவ வயத்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆயிடப்படாது. இப்படியே இருந்துடறேன்."

தடியைத் திருப்பி ஊன்றிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

மறுநாள் டிராம் நிறுத்தத்தில் மாமா பேச்சை எடுத்தார். "நீ சொன்னது நல்லதாப் போச்சு."

"மாமா, டாக்டர் பத்து நாள்னுதான்—"

"தெரியும்டா. அவருக்கென்ன, சொல்லிடுவார். அவராத்துப் பொண்ணா பக்கத்துல படுத்துக்கப் போறா? விஜயாவுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகணும், குழந்தை குட்டின்னு ஆகணும். அந்த ஆள் ஓடினதை நீயும்தானே பாத்தே." டிராம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்குடா. அவகிட்ட இதைச் சொல்ல முடியலை. டாக்டர் சொன்னார்னா கேட்டுப்பா."

பொய்யில் பாதி அவருடையது என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. சுலோசனாவிடமும் பிரசவம் ஆகும்வரை மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லி வைத்தேன். டாக்டர் உத்தரவு என்றேன். எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை.

வளைகாப்பன்று வீட்டுக்கார அம்மாள் முதல் வளையைப் போட்டாள். அவர்களிலும் ஏழாம் மாதத்தில் விதவிதமாகச் சமைத்துப் போடும் வழக்கம் உண்டு என்பதால் அவளுக்குக் குதூகலம். விஜயா கரியாஹாட் கடைத்தெருவிலிருந்து ஒரு பொட்டலம் பச்சை வளையல் வாங்கி வந்தாள். "அம்மா வாங்கச் சொன்னா. அம்மா தொடலை, அண்ணா, கடைக்காரன் கட்டினது அப்படியே இருக்கு" என்று நீட்டினாள். பதினெட்டு வயதுப் பெண் தன் தாயார் தொடவில்லை என்பதை நற்சான்றாகச் சொல்லும்படி ஆக்கி வைத்திருந்தோம்.

புரட்டாசியில் அந்த மழை வந்தது. அந்த வருஷம் கல்கத்தாவில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் விடாமல் கொட்டியது. எங்கள் போர்ஷனில் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். அரிசி டின் மிதந்தது. எட்டு மாத வயிற்றோடு சுலோசனா கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ் நனைந்துபோய், ஒரு வாய் காப்பிக்கு வழியில்லை.

மாடிப்படி திரும்பும் இடம்வரை மாமி இறங்கி வந்திருந்தாள். அந்த இடுப்போடு எப்படி இறங்கினாளோ.

"சௌந்தரம், அவளை மேல கூட்டிண்டு போ. நான் மொட்டைமாடிக்குப் போயிடறேன். அங்க தகரம் போட்ட இடம் ஒண்ணு இருக்கு, நனையாது."

"வேண்டாம் மாமி. பவானிபூர்ல என் சிநேகிதன் ஆத்துக்குப் போயிடறோம்."

"இந்தத் தண்ணில எப்படிடா போவே? அவ காலை வழுக்கி விட்டா? நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். என் பாயைக்கூட எடுத்துண்டு போயிடறேன். நான் படுத்த இடத்தை விஜயா சாணி போட்டு மெழுகிடுவா... இங்க சாணிக்கு எங்க போறது, டெட்டால் ஊத்தி அலம்பிடுவா. கூட்டிண்டு வாடா."

டாக்டர் விதித்த நாள் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுலோசனா மேலே போய் உலர்ந்த தரையில் படுத்திருக்கலாம், மாமி அவள் காலைப் பிடித்துவிட்டிருப்பாள். சொன்னால் அந்த வெள்ளிக்கிழமை சொன்னது பொய் என்றாகிவிடும். நான் கைரிக்‌ஷா ஒன்றைப் பிடித்து, சக்கரம் முழுகும் தண்ணீரில் பெண்டாட்டியை ஏற்றி, பின்னாலேயே இடுப்பளவு நனைந்துகொண்டு நடந்தேன். ரிக்‌ஷா ஒரு பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தபோது சுலோசனா கத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அதற்கும் மாமியைத்தான் காரணம் சொல்லியிருப்பேன் என்பது எனக்கு நிச்சயம்.

கார்த்திகையில் ஆண் குழந்தை பிறந்தது. தினமும் காலையில் வெயில் வந்ததும் சுலோசனா முற்றத்தில் நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். மாமி வராந்தாக் கம்பி வழியாகப் பார்ப்பாள்.

"மூக்கு உன்னுது, சுலோசனா. கொஞ்சம் திருப்பு. காது யாருது? காதுக்குப் பின்னால சரியாத் துடைக்கறியோ? தலை நிக்கறதா?"

"இன்னும் இல்லை மாமி."

"நிக்கும், நிக்கும். கழுத்துக்கடியில கையை வெச்சுக்கோ." சொல்லிக்கொண்டே தன் கையைக் கம்பிக்குள்ளே அப்படியே ஏந்தி வைத்துக் காட்டுவாள்.

தை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் சொருகிப் பார்த்தார். இடுப்பெலும்பு கொஞ்சம் தேறியிருந்தது. ஆனால் மார்பு எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் கடுகு தூவியதுபோல் புள்ளிகள். நுரையீரலுக்கும் போய்விட்டது, மறுபடி மருந்து குடிக்க வேண்டும், அதிலும் எவ்வளவு தூரம் கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார். மாமா விளக்குப் பெட்டிக்கு எதிரே போய் நின்றுகொண்டார். மாமிக்கு நான் சொன்னேன். கடைசி வரியைச் சொல்லவில்லை.

மேஜைமேல் ஏறிப் படுக்கச் சொன்னார் டாக்டர். மாமிக்குக் காலைத் தூக்க முடியவில்லை. "நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார். மாமா ஓரடி வந்து நின்றுவிட்டார். மாமியும் தானாகவே ஒதுங்கினாள். கடைசியில் நர்ஸ்தான் வந்து தூக்கி விட்டாள்.

டாக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன இது?"

"பிரிகாஷன், ஸார்" என்றார் மாமா.

"என்ன பிரிகாஷன்? எதற்கு?" என்று கேட்டவருக்கு மெள்ளப் புரிந்தது. வங்காளத்துக்குத் தாவிவிட்டார். "இன்றுவரையா சொன்னேன்? பத்து நாள் என்றேனே. ஏழு மாதமாகவா தள்ளி வைத்திருக்கிறீர்கள்?" பிறகு என்னைப் பார்த்தார். "உங்களிடம்தானே விவரமாகச் சொன்னேன். நீங்கள் இவர்களிடம் சொன்னீர்களா, இல்லையா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா விளக்குப் பெட்டிப் பக்கமே திரும்பிவிட்டார். அவருடைய பின்கழுத்து வியர்த்திருந்தது.

"என்ன கேக்கறார், சௌந்தரம்?" என்றாள் மாமி.

"பத்து நாள்னுதான் சொல்லியிருந்தாராம். நான் உங்ககிட்ட சொன்னேனான்னு கேக்கறார்."

மாமி என்னைப் பார்க்கவில்லை. மாமாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு இது புதிதில்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. எந்த நாளிலிருந்து தெரியும் என்று நான் பிறகும் கேட்டதில்லை.

"சொன்னேன்னு சொல்லு" என்றாள்.

"மாமி..."

"நீ சரியாத்தான் சொன்னே. எங்காத்து மாமாவும் உள்ள வா உள்ள வான்னார். நான்தான் பயந்துண்டு போகலை. எல்லாம் நானா பண்ணிண்டதுன்னு சொல்லு."

நான் சொன்னேன். வங்காளத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் தடுக்காது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் போட்டார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்கு வரும் கோபம் வந்துவிட்டது. மாமியைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நான் மொழிபெயர்க்காமல் நின்றேன்.

"சொல்லேன்" என்றாள் மாமி. "எனக்குத்தானே சொல்றார். ஒண்ணு விடாம சொல்லு."

"வீட்டுல பொண்ணு இருக்கா, புருஷன் இருக்கார், ஒருத்தரையும் தொடாம ஏழு மாசம் இருந்திருக்கியேங்கறார். உன்னை மாதிரி நோயாளிக்கு ஏழு மாசம்னா என்னன்னு தெரியுமாங்கறார். வீணாக்கறதுக்கு உன்கிட்ட நாள் எங்க இருக்குன்னு கேக்கறார்."

மாமி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். டாக்டர் இன்னும் ஒன்று கேட்டார்.

"என்னவாம்?"

"இப்படிப் பண்ணினதுக்கு வெக்கமா இல்லையான்னு கேக்கறார், மாமி."

மாமி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"இருக்குன்னு சொல்லு" என்றாள்.

நான் டாக்டரைப் பார்த்து, இருக்கிறது என்றேன்.